சூடோ கட்டளையும் கணினிப் பெயர்ப் பிழையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் கணினியில் ‘சூடோ’வைக் கொண்டு நிர்வாகி அதிகாரத்துடன் ஒரு கட்டளையை இயக்கும்போது ‘சூடோ: அனேபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட்’ என்ற வரியும், அதன் பின்னால் உங்கள் கணினியின் பெயரும் தோன்றினால் என்ன செய்வது என்பதே இப்பக்கத்தின் பொருள். உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட், ராஸ்பெரி பை ஆகியவற்றைப் பயன்படுத்துவோரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது. கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை, வேறாகக் குறிப்பிட்ட இடங்கள் தவிர, ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். எடுத்துக்காட்டுகளில் வரும் கணினியின் பழைய பெயர் ‘நிலா’, புதிய பெயர் ‘கயல்’.

இந்த வரி உண்மையில் என்ன சொல்கிறது?

‘இந்தக் கணினியின் பெயர் கயல் என்று தெரிகிறது, ஆனால் கயல் என்ற பெயருக்கு உரிய ஐபி முகவரி எது என்று எங்கு தேடியும் கிடைக்கவில்லை’ என்பதே அதன் பொருள். உங்கள் கடவுச்சொல் தவறு என்றோ, உங்களுக்கு நிர்வாகி அதிகாரம் இல்லை என்றோ அது சொல்லவில்லை. அந்த இரண்டுக்கும் வேறு செய்திகள் உள்ளன.

வரியின் முடிவில் வரும் சொற்களையும் படியுங்கள். ‘நேம் ஆர் சர்வீஸ் நாட் நோன்’ என்று முடிந்தால், கேட்ட இடங்களில் அப்படி ஒரு பெயரே இல்லை என்ற பதில் வந்திருக்கிறது. ‘டெம்பரரி ஃபெய்லியர் இன் நேம் ரெசல்யூஷன்’ என்று முடிந்தால், பதில் சொல்ல வேண்டிய டிஎன்எஸ் சர்வரையே, அதாவது பெயருக்கு உரிய முகவரியைத் தேடித் தரும் கணினியையே, எட்ட முடியவில்லை. பெரும்பாலும் இணைய இணைப்பு அறுந்திருக்கும். இரண்டு நிலைகளுக்கும் தீர்வு ஒன்றுதான் என்றாலும், இரண்டாவது வகையில் ஒவ்வொரு கட்டளைக்கும் காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதால் எரிச்சல் அதிகம்.

நான் கொடுத்த கட்டளை நிறைவேறியதா, இல்லையா?

பொதுவாக நிறைவேறியிருக்கும். இது எச்சரிக்கை மட்டுமே. எச்சரித்துவிட்டு சூடோ தன் வேலையைத் தொடர்கிறது. உறுதிசெய்துகொள்ள விரும்பினால், கட்டளை முடிந்தவுடன் ‘எக்கோ’ என்ற சொல்லை அடுத்து ஓர் இடைவெளி விட்டு, டாலர் குறியையும் கேள்விக்குறியையும் ஒன்றோடொன்று ஒட்டி எழுதி இயக்குங்கள். 0 என்று வந்தால் கட்டளை வெற்றி. வேறு எண் வந்தால் கட்டளை தோற்றிருக்கிறது, ஆனால் அதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த எச்சரிக்கை அன்று. அதற்குக் கீழே வந்திருக்கும் வேறொரு வரி. முதல் வரியிலேயே கண் நின்றுவிடுவதால், மென்பொருளை நிறுவ முடியாததற்கான உண்மையான காரணம் மூன்றாவது வரியில் இருந்தும் பலர் அதைப் பார்ப்பதில்லை.

சூடோவுக்குக் கணினியின் பெயர் எதற்கு?

யாருக்கு என்ன அதிகாரம் என்பது ‘சூடோயர்ஸ்’ என்ற கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. அதில் ‘ரூட் ஆல்=(ஆல்:ஆல்) ஆல்’ என்ற வரியைப் பார்த்திருப்பீர்கள் (‘ரூட்’ என்பது முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கு; ‘ஆல்’ மட்டும் பெரிய எழுத்துகளில் இருக்கும்). அங்கே வரும் முதல் ‘ஆல்’ பயனரையோ கட்டளையையோ குறிப்பதில்லை. எந்தக் கணினியில் இந்த விதி செல்லும் என்பதைக் குறிக்கிறது. அந்த இடத்தில் ‘ஆல்’ என்பதற்குப் பதிலாக ஒரு கணினியின் பெயரை எழுதினால், அந்தக் கணினியில் மட்டுமே அந்த விதி பொருந்தும்.

இப்படி ஒரு வசதி எதற்கு என்று வீட்டில் ஒற்றைக் கணினி வைத்திருப்பவருக்குத் தோன்றுவது இயல்பு. சூடோ 1980 வாக்கில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில், பாப் காகெஷால், கிளிஃப் ஸ்பென்சர் ஆகிய இருவரால் வாக்ஸ் கணினி ஒன்றில் எழுதப்பட்டது. பல கணினிகளை ஒரே குழு பராமரிக்கும் இடங்களில், ஒரே சூடோயர்ஸ் கோப்பை எல்லாக் கணினிகளுக்கும் பிரதியெடுத்து அனுப்பிவிட்டு, எந்த விதி எங்கே செல்லும் என்பதைப் பெயரைக் கொண்டே பிரித்துக்கொள்ள முடிவது பெரிய வசதி. இக்கோப்பில் ‘எஃப்கியூடிஎன்’ என்ற அமைவும் உண்டு. அது இயக்கத்தில் இருந்தால், சூடோ குறும்பெயரோடு நிற்காமல் கணினியின் முழுப் பெயரைக் கண்டறியத் தேடலில் இறங்கும். தேடல் வெறுங்கையுடன் திரும்பும்போதுதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் எச்சரிக்கை பிறக்கிறது.

ஆகவே குறை சூடோவில் இல்லை. உங்கள் கணினிக்குத் தன் பெயர் தெரியும், முகவரி தெரியாது. அதை முதலில் வாய்விட்டுச் சொல்வது சூடோ, அவ்வளவே.

பெயர் எந்தெந்த இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது?

இரண்டு இடங்களில். ‘/ஈடிசி/ஹோஸ்ட்நேம்’ என்ற கோப்பில் பெயர் மட்டும் ஒற்றைச் சொல்லாக இருக்கும். கணினி தொடங்கும்போது தனக்குரிய பெயரை இதிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ‘/ஈடிசி/ஹோஸ்ட்ஸ்’ என்ற கோப்பில் வரிக்கு ஒரு முகவரியும், அதன் வலப்பக்கத்தில் அந்த முகவரிக்கு உரிய பெயர்களும் இருக்கும். டிஎன்எஸ் வருவதற்கு முன், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையின் காலத்தில், வலையிலிருந்த கணினிகளின் பெயர்கள் அனைத்தும் இப்படி ஒரே பட்டியலாகத்தான் பராமரிக்கப்பட்டன. நம் கணினியில் உள்ள இச்சிறு கோப்பு அந்த வழக்கத்தின் எச்சம்.

இந்தப் பிழையுடன் வருபவர்களில் மிகப் பெரும்பாலோரின் கதை ஒன்றுதான்: முதல் கோப்பில் பெயரை மாற்றியிருப்பார்கள், இரண்டாவதை மறந்திருப்பார்கள்.

சரிசெய்யும் முறை என்ன?

முதலில் ‘ஹோஸ்ட்நேம்’ என்ற கட்டளையை இயக்கி, கணினி தன்னை என்னவென்று அழைத்துக்கொள்கிறது என்று பாருங்கள். ‘கயல்’ என்று வருவதாக வைத்துக்கொள்வோம். அடுத்து ‘கேட் /ஈடிசி/ஹோஸ்ட்ஸ்’ என்று கொடுத்தால் இரண்டாவது கோப்பு திரையில் விரியும். அதன் தலைப்பகுதி இப்படி இருக்கக்கூடும்:

127.0.0.1 லோக்கல்ஹோஸ்ட்
127.0.1.1 நிலா

பெயர் கயலாகிவிட்டது, கோப்பில் இன்னும் நிலாதான் இருக்கிறது. ‘சூடோ நானோ /ஈடிசி/ஹோஸ்ட்ஸ்’ என்று கொடுத்துக் கோப்பைத் திறங்கள். எச்சரிக்கை ஒருமுறை தோன்றினாலும் கோப்பு திறக்கும். இரண்டாவது வரியில் நிலாவை அழித்துக் கயல் என்று எழுதி, கண்ட்ரோல் விசையுடன் ஓ, பின் என்டர், பின் கண்ட்ரோல் விசையுடன் எக்ஸ் அழுத்தி வெளியேறுங்கள். 127.0.1.1 என்று தொடங்கும் வரியே இல்லையென்றால் புதிதாக ஒன்றைச் சேருங்கள். முகவரிக்கும் பெயருக்கும் இடையே ஒரு இடைவெளியோ டேப்போ போதும். மறுதொடக்கம் தேவையில்லை, அடுத்த சூடோ கட்டளையிலேயே எச்சரிக்கை மறைந்திருக்க வேண்டும்.

‘லோக்கல்ஹோஸ்ட்’ இருக்கும் முதல் வரியையும், கீழே இரட்டை முக்காற்புள்ளியும் 1-உம் கொண்டு தொடங்கும் ஐபிவி6 வரியையும் தொடாதீர்கள்.

திருத்தியைத் திறக்காமல் ஒரே கட்டளையில் வரியைச் சேர்க்க விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. ‘சூடோ எக்கோ’ என்று எழுதி, அதன் வெளியீட்டை அம்புக்குறியால் (>) கோப்புக்குத் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும். ஏனெனில் கோப்பைத் திறந்து எழுதுவது சூடோ அன்று, நீங்கள் தட்டச்சு செய்வதை வாங்கி, சாதாரணப் பயனராக இயங்கும் உங்கள் ஷெல். அதே கட்டளையை ரூட் பயனராக இருந்துகொண்டு ஒற்றை அம்புக்குறியுடன் கொடுத்தால் இன்னும் மோசம்: கோப்பில் இருந்தவை அனைத்தும் அழிந்து புதிய வரி மட்டும் மிஞ்சும். ‘எக்கோ’வின் வெளியீட்டைக் குழாய்க்குறி (|) வழியாக ‘சூடோ டீ -ஏ’ கட்டளைக்குக் கொடுப்பதே பாதுகாப்பானது. அது கோப்பின் இறுதியில் வரியைச் சேர்க்கும்.

127.0.0.1 இருக்க, 127.0.1.1 எதற்கு?

127 என்று தொடங்கும் முகவரிகள் அனைத்தும் கணினி தன்னைத் தானே குறித்துக்கொள்வதற்கு ஒதுக்கப்பட்டவை. அவற்றில் எதை எழுதினாலும் சூடோவின் வாய் அடைபடும். இருப்பினும் நிலையான ஐபி முகவரி இல்லாத கணினிக்கு டெபியன் நிறுவி 127.0.1.1 என்ற தனி வரியையே எழுதுகிறது. உபுண்டுவும் அவ்வழியே செல்கிறது. லோக்கல்ஹோஸ்ட் என்ற பொதுப்பெயரும் உங்கள் கணினியின் சொந்தப் பெயரும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருப்பது நல்லது என்பதால், அந்த வழக்கத்தைப் பின்பற்றுவதையே நானும் பரிந்துரைப்பேன். உங்கள் சர்வருக்கு நிலையான முகவரி இருந்தால், 127.0.1.1 என்பதற்குப் பதில் அந்த முகவரியை எழுதலாம். முழுப் பெயரும் குறும்பெயரும் இரண்டும் இருந்தால், முழுப் பெயரை முதலிலும் குறும்பெயரை அடுத்தும் எழுத வேண்டும்.

கோப்பைத் திருத்திய பிறகும் எச்சரிக்கை வருகிறது. எங்கே தேடுவது?

முதலில் எழுத்துப்பிழை. அடுத்து, வரியின் தொடக்கத்தில் ‘#’ குறி நின்றுகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வரி வெறும் குறிப்பாகக் கருதப்பட்டு விடப்படும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இங்கே பொருட்டில்லை.

அதற்கும் அடுத்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனெனில் என்னிடமிருந்து ஒரு மாலைப்பொழுதை அது பறித்துக்கொண்டது. இணையப் பக்கம் ஒன்றிலிருந்து அந்த வரியை நகலெடுத்து அப்படியே ஒட்டினேன். திரையில் முகவரி இருந்தது, இடைவெளி இருந்தது, பெயர் இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. பத்து முறை படித்தும் எழுத்து ஒன்றும் பிசகவில்லை. இறுதியில் ‘கேட் -ஏ’ என்று, ஏ எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாகக் கொடுத்துக் கோப்பைப் பார்த்தபோது, முகவரிக்கும் பெயருக்கும் நடுவே ‘எம்-பிஎம்-’ என்ற விசித்திரக் கோவை நின்றது. இணையப் பக்கங்களில் வரி முறியாமலிருக்கப் பயன்படும் பிரியா இடைவெளி அது. கண்ணுக்கு அது சாதாரண இடைவெளி; கணினிக்கோ அது ஓர் எழுத்து. ஆகவே முகவரி எங்கே முடிகிறது, பெயர் எங்கே தொடங்குகிறது என்று அதற்குத் தெரியவில்லை. வரியை முழுவதுமாக அழித்துக் கையால் தட்டச்சு செய்தவுடன் சிக்கல் தீர்ந்தது. அன்றிலிருந்து இக்கோப்பில் எதையும் ஒட்டுவதில்லை.

எழுத்துகள் எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை என்றால் ‘/ஈடிசி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப்’ கோப்பைத் திறந்து, ‘ஹோஸ்ட்ஸ்:’ என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். பெயரை எந்த வரிசையில் எங்கெங்கே தேட வேண்டும் என்று அது சொல்கிறது. அதில் ‘ஃபைல்ஸ்’ என்ற சொல் ‘டிஎன்எஸ்’ என்பதற்கு முன்னால் இருக்க வேண்டும். அச்சொல் எப்படியோ அழிந்துபோயிருந்தால், ஹோஸ்ட்ஸ் கோப்பில் நீங்கள் என்ன எழுதினாலும் அதை யாரும் படிக்கப்போவதில்லை.

சரியாகிவிட்டதா என்று சோதிக்க எந்தக் கட்டளை நல்லது?

‘கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் கயல்’. என்எஸ்ஸ்விட்ச் கோப்பு சொல்லும் வரிசையிலேயே இது தேடுவதால், மற்ற நிரல்களுக்குக் கிடைக்கப்போகும் பதில்தான் இதற்கும் கிடைக்கும். முகவரியும் பெயரும் ஒரே வரியில் வந்தால் எல்லாம் நலம். ஒன்றும் வராமல் வெறும் முனையம் திரும்பினால் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. ‘டிக்’, ‘என்எஸ்லுக்கப்’ ஆகிய கட்டளைகளை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அவை டிஎன்எஸ் சர்வரிடம் நேரடியாகக் கேட்பவை. ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தாமாகத் திறந்து பார்ப்பதில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அதே கட்டளை சூடோவுடன் பதில் தந்து, சூடோ இல்லாமல் பதில் தராவிட்டால், ஹோஸ்ட்ஸ் கோப்பைப் படிக்கும் உரிமை ரூட்டுக்கு மட்டும் இருக்கிறது என்று பொருள். அதன் அனுமதி எண் 644 ஆக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு சூடோ கட்டளைக்கும் பத்து விநாடி, சில நேரம் அதற்கும் மேல், காத்திருக்க வேண்டியிருக்கிறது. இதற்கும் அதே காரணமா?

ஆம். ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயர் இல்லாததால் கேள்வி டிஎன்எஸ் சர்வருக்குப் போகிறது. பதிலுக்காக 5 விநாடி காத்திருந்து மீண்டும் ஒருமுறை கேட்பது, அதாவது மொத்தம் 2 முயற்சிகள், இயல்பான அமைவு. சர்வர் ஒன்று செத்துக் கிடந்தாலே 10 விநாடி போய்விடும்; இரண்டு சர்வர்கள் என்றால் இன்னும் கூடும். மடிக்கணினியை இணையம் இல்லாத இடத்துக்கு எடுத்துச் சென்றவுடன் சூடோ மட்டும் மெதுவாகிவிட்டது என்று சொல்வோர் இக்கோப்பைத்தான் பார்க்க வேண்டும்.

பெயரை மாற்ற வேண்டும். எச்சரிக்கை ஒருமுறைகூட வராமல் மாற்ற முடியுமா?

முடியும், வரிசைதான் முக்கியம். முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய பெயரின் பக்கத்திலேயே புதிய பெயரையும் எழுதுங்கள்: ‘127.0.1.1 கயல் நிலா’. பிறகு ‘சூடோ ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம் கயல்’ என்ற கட்டளையை இயக்குங்கள். இது ஹோஸ்ட்நேம் கோப்பையும் மாற்றும், ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் பெயரையும் உடனே மாற்றும். எல்லாம் சரி என்று கண்டபின் பழைய பெயரை நீக்கிவிடலாம். ‘சூடோ ஹோஸ்ட்நேம் கயல்’ என்று மட்டும் கொடுத்தால் மறுதொடக்கத்தில் பழைய பெயர் திரும்பிவிடும். ராஸ்பெரி பையில் ‘ராஸ்பி-கான்ஃபிக்’ வழியாக மாற்றினால் இரண்டு கோப்புகளையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

முனையத்தின் முகப்பில் பழைய பெயரே தெரிந்தால் அஞ்ச வேண்டாம். புதிய முனையம் திறந்தால் மாறியிருக்கும். வரைகலைத் திரையில் பணியாற்றிக்கொண்டிருக்கும்போது பெயரை மாற்றினால் வேறு சில வினோதங்களும் நேரலாம். எக்ஸ்11 என்ற பழைய வரைகலை அமைப்பில் இயங்கும் அமர்வில் புதிய சாளரங்கள் திறக்க மறுக்கலாம். குரோம் உலாவி, உங்கள் சுயவிவரத்தை வேறொரு கணினி பயன்படுத்திக்கொண்டிருப்பதாகச் சொல்லித் திறக்க மறுக்கலாம். அதன் பூட்டுக் கோப்பில் பழைய பெயர் பதிந்திருப்பதே காரணம். ஆகவே திறந்திருப்பவற்றை மூடிவிட்டுப் பெயரை மாற்றி, வெளியேறி மீண்டும் உள்நுழைவது உத்தமம்.

திருத்துகிறேன், சரியாகிறது, மறுதொடக்கம் செய்தால் மறுபடியும் வருகிறது. ஏன்?

நீங்கள் எழுதியதை வேறொரு நிரல் அழித்து எழுதுகிறது. வாடகை சர்வர்களில் அது பெரும்பாலும், தொடக்கத்தில் சர்வரை அமைத்துத் தரும் ‘கிளவுட்-இனிட்’. ‘/ஈடிசி/கிளவுட்/கிளவுட்.சிஎஃப்ஜி’ கோப்பில் ‘மேனேஜ்_ஈடிசி_ஹோஸ்ட்ஸ்’ என்பது ‘ட்ரூ’ என்று இருந்தால், ஒவ்வொரு தொடக்கத்திலும் ஹோஸ்ட்ஸ் கோப்பு ஒரு வார்ப்புருவிலிருந்து புதிதாக எழுதப்படும். அதை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள்; அல்லது உங்கள் வரியை வார்ப்புருவிலேயே எழுதுங்கள். பெயரே பழையபடி மாறுகிறது என்றால் ‘பிரிசர்வ்_ஹோஸ்ட்நேம்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்க வேண்டும்.

விண்டோஸுக்குள் இயங்கும் டபிள்யூஎஸ்எல்-இலும் ஹோஸ்ட்ஸ் கோப்பு தானாக எழுதப்படுகிறது. கோப்பின் தொடக்கத்திலேயே அந்தச் செய்தி குறிப்பாக இருக்கும், படிக்காமல் கடந்துபோய்விடுகிறோம். ‘/ஈடிசி/டபிள்யூஎஸ்எல்.கான்ஃப்’ கோப்பில் ‘நெட்வொர்க்’ பகுதியின் கீழ் ‘ஜெனரேட்ஹோஸ்ட்ஸ்’ என்பதை (இடையில் வரும் ஹெச் மட்டும் பெரிய எழுத்து) ‘ஃபால்ஸ்’ என்று எழுதிவிட்டு, விண்டோஸ் பக்கத்தில் ‘டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்’ கொடுத்து மீண்டும் தொடங்குங்கள். இப்படி நிறுத்திய பிறகு விண்டோஸ் கணினியின் பெயரை மாற்றினால், ஹோஸ்ட்ஸ் கோப்பை மாற்றும் பொறுப்பு உங்களுடையது.

அமேசான் வாடகைக்குத் தரும் இசி2 சர்வரில், நான் எதையும் மாற்றாமலேயே ‘ஐபி-172-31’ என்று தொடங்கும் பெயருடன் எச்சரிக்கை வருகிறதே?

அங்கே அப்பெயருக்குப் பதில் சொல்ல வேண்டியது விபிசி எனப்படும் உங்கள் தனி வலையின் டிஎன்எஸ். விபிசியின் அமைவுகளில் ‘டிஎன்எஸ் ஹோஸ்ட்நேம்ஸ்’, ‘டிஎன்எஸ் ரெசல்யூஷன்’ ஆகிய இரண்டும் இயக்கத்தில் உள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால் இயக்குங்கள். அந்த அமைவு உங்கள் கையில் இல்லாவிட்டால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் வரி சேர்ப்பதே வழி.

ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில் பெயரை எத்தனை முறை மாற்றினாலும் இது வருவதில்லையே?

அங்கே ‘மைஹோஸ்ட்நேம்’ என்ற கூறு (கணினியைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி மென்பொருளின் பகுதி), கணினியின் சொந்தப் பெயருக்குத் தானே பதில் சொல்லிவிடுகிறது. ஹோஸ்ட்ஸ் கோப்பில் வரி இருக்க வேண்டிய அவசியமில்லை. டெபியனிலும் ‘லிப்என்எஸ்எஸ்-மைஹோஸ்ட்நேம்’ என்ற பொதியை நிறுவி அதே வசதியைப் பெறலாம். அடிக்கடி பெயர் மாறும் கணினிகளைப் பராமரிப்போருக்கு இது நல்ல வழி.

எச்சரிக்கையை மட்டும் மறைத்துவிட முடியாதா?

‘சூடோ விசூடோ’ கட்டளையால் சூடோயர்ஸ் கோப்பைத் திறந்து ‘டிஃபால்ட்ஸ் !எஃப்கியூடிஎன்’ என்ற வரியை (முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்து) சேர்த்தால் சூடோ தேடுவதை நிறுத்திவிடும். எனக்கு அதில் உடன்பாடு குறைவு. கணினி தன் பெயரை அறியாத நிலை அப்படியே இருக்கும். அஞ்சல் சர்வர் போன்ற வேறொரு நிரல் நாளை அதே இடத்தில் தடுக்கி, இதைவிடப் புரியாத செய்தியைத் தரும். இருந்தாலும் இவ்வழியில் செல்வதானால் விசூடோவையே பயன்படுத்துங்கள். சாதாரணத் திருத்தியில் அக்கோப்பைத் திறந்து ஒரு குறி பிசகினால், குறிப்பாகப் பழைய பதிப்புகளில், சூடோ அடியோடு இயங்காமல் போகலாம். அப்போது ரூட் கடவுச்சொல்லோ மீட்பு முறையோ இல்லாமல் அதைச் சரிசெய்வது கடினம்.

பெயரில் எந்தெந்த எழுத்துகள் வரலாம்? தமிழில் வைக்கலாமா?

ஆங்கில எழுத்துகள், எண்கள், இடையில் சிறுகோடு ஆகியவை மட்டும். அடிக்கோடு கூடாது, இடைவெளி கூடாது, சிறுகோட்டில் தொடங்கவோ முடியவோ கூடாது. புள்ளிகளுக்கு இடையே வரும் ஒவ்வொரு பகுதியும் 63 எழுத்துகளுக்குள்ளும், லினக்ஸில் முழுப்பெயரும் 64 எழுத்துகளுக்குள்ளும் இருக்க வேண்டும். எண்ணில் தொடங்குவதற்கு 1985இன் விதி தடை விதித்திருந்தது. 1989இல் அத்தடை நீக்கப்பட்டது.

தமிழில் வைக்க ஒரு தனி இடம் இருக்கிறது. ‘ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம்’ கட்டளையுடன் ‘--பிரிட்டி’ என்பதைச் சேர்த்து, மேற்கோள் குறிகளுக்குள் ‘கயலின் மடிக்கணினி’ என்று தமிழிலேயே எழுதலாம். அது ‘/ஈடிசி/மெஷின்-இன்ஃபோ’ கோப்பில் தனியாகச் சேமிக்கப்படும். மனிதர் கண்ணுக்குக் காட்டுவதற்கான பெயர் என்பதால் சூடோ அதைத் தேடுவதில்லை.